இரண்டு வாரத்துக்கு முன்பு எப்படி?

மருதாசலம் என்ற பெரியவரின் படிவத்தில் நான் முதலில் எழுதியவை இரண்டு எண்கள். இடது பத்தியில் இரண்டு. வலது பத்தியிலும் இரண்டு. கோணல் இல்லாமல் எழுதி, கூட்டிப் பார்த்து, கீழே கையெழுத்தும் போட்டேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரம்: பகல் 12.25.

சூரமங்கலத்துக்கு அருகில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எனக்கு வேலை. நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் யார் வந்தாலும், முதலுதவி முடிந்து சற்று அடங்கிய பிறகு, கட்டிலருகே போய் ஆறு கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும். தானே குளிக்கிறாரா, தானே உடுத்திக்கொள்கிறாரா, கழிப்பறைக்குத் தானே போய் வருகிறாரா, எழுந்து நடக்கிறாரா, சிறுநீர் மலத்தை அடக்க முடிகிறதா, தன் கையால் சாப்பிடுகிறாரா. முடிந்தால் ஒன்று, முடியாவிட்டால் சைபர். எல்லாம் முடிந்தால் ஆறு.

இதை இரண்டு முறை கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பு எப்படி இருந்தார் என்பது இடது பத்தி. இன்று எப்படி இருக்கிறார் என்பது வலது பத்தி. இடதிலிருந்து வலதைக் கழித்தால் வருவதுதான் டாக்டருக்கு வேண்டிய எண். வயதானவர்கள் சிலருக்கு நோய் வந்தால் காய்ச்சல் வராது, வலியும் தெரியாது. நேற்று வரை நடந்தவர் இன்று நடக்க மாட்டார், அவ்வளவுதான். அதனால் கழித்து வருவது இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், எங்கள் டாக்டர்கள் காரணம் தெரியாமல் ஆளை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். சைபர் வந்தால், பழைய தளர்ச்சிதான் என்று அனுப்பலாம்.

இந்த வேலைக்காகவே அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் நடக்கும் முதியோர் பராமரிப்பு மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் பத்து வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. காலை ஆறு முதல் மணிவாரியாக எழுதினால்தான், அன்றைக்கு எங்கே தவறு செய்தேன் என்பது எனக்குப் பிடிபடுகிறது. பெரும்பாலும் எங்காவது செய்திருப்பேன்.

அன்று வியாழக்கிழமை. ஆவணி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். பன்னிரண்டு மணிக்கு மஞ்சுளா சிஸ்டர் மருந்து மேசையிலிருந்து குரல் கொடுத்தார்.

"கண்ணாடி, மூணாம் கட்டில்ல ஒரு பெரியவர் வந்திருக்கார். போய் உன் ஆறு கேள்விய கேளு."

என் பெயர் இளஞ்செழியன். 'கண்ணாடி' என்பது இரண்டு மாதமாக அவர் வைத்திருக்கும் பெயர். ஒரு அம்மாள் தடுமாறி நடக்கிறார், சோற்றைத் தட்டுக்கு வெளியே பிசைகிறார் என்று ஓடிப்போய் டாக்டரிடம் 'வித்தியாசம் மூன்று' என்று சொன்னேன். தலை ஸ்கேன் வரை எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. அந்த அம்மாளின் மூக்குக் கண்ணாடி வரும் வழியில் பஸ்ஸிலேயே தொலைந்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாரா என்று நான் கேட்கவே இல்லை. அதிலிருந்து எதையும் ஓடிப்போய்ச் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன்.

மூன்றாம் கட்டிலில் மருதாசலம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். எழுபத்து நான்கு வயது. மல்லசமுத்திரம் பக்கம் ஊர், சொந்தத் தோட்டம். ஐந்து நாளாகச் சரியாக நடக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எந்நேரமும் தூக்கம் என்று கூட்டி வந்திருந்தார்கள். காய்ச்சல் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் படம் எல்லாம் சரி. கை காலை அசைக்கச் சொன்னபோது மெதுவாக அசைத்திருக்கிறார். கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லியிருக்கிறார். கீழே விழவில்லை என்று வீட்டார் சொன்னார்கள்.

கட்டிலைச் சுற்றி மூன்று பேர். மகன் குழந்தைவேல், கோழிப்பண்ணை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி. அவர் மனைவி தனப்பிரியா, ஒரு கட்டைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரமாக. மூன்றாவது மயிலம்மாள், பெரியவரின் மூத்த மகள். ஆட்டையாம்பட்டியில் கட்டிக்கொடுத்தது, வரும் வழியில் காரில் ஏறிக்கொண்டவர். கட்டிலருகே இருந்த ஒரே நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "வீட்டுல ஐயாவ யாருங்க பாத்துக்கறது?"

படிவத்தில் இல்லாத கேள்வி இது. நேராகக் கழிப்பறையில் ஆரம்பிக்கக் கூச்சமாக இருப்பதால், பேச்சைத் தொடங்க நானாகச் சேர்த்துக்கொண்டது.

"அதத்தான் நானும் கேக்கோணும்னு இருந்தேன்," என்றார் மயிலம்மாள். "கேளு சாமி, நல்லாக் கேளு. எங்கப்பனப் பொன்னாட்டம் வெச்சிருக்கறாங்கன்னு சொன்னாங்க. இப்பப் பாத்தா இப்படிக் கெடக்கறாரு."

குழந்தைவேல் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "நாங்கதானுங்க பாக்கறோம். என்ற சம்சாரம்தான் எல்லாம். இவளாட்ட மாமனாரப் பாக்கறவ எங்கூர்ப் பக்கமே இல்லீங்க."

"குளிக்கறது எப்படிங்க?"

"வெந்நி வெச்சு ஊத்தி உடறதுதானுங்க. அப்பாவ ஒரு சொம்புத் தண்ணி மொண்டு ஊத்திக்க உட்டதில்ல."

"துணி உடுத்தறது?"

"எல்லாம் எடுத்துக் குடுத்துக் கட்டி உடறதுதான்."

"பாத்ரூம்? நடமாட்டம்?"

"கைத்தாங்கலாத்தானுங்க. தனியா ஒரு எட்டு வெக்க உடறதில்லீங்க."

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடியும் இப்படித்தானுங்களா?"

"ரெண்டு வாரமென்னங்க, ரெண்டு வருசமா இப்படித்தான். எங்கம்மா தவறுனதுல இருந்தே."

நான் தனப்பிரியாவைப் பார்த்தேன். அவர் கட்டைப்பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். புகழ்ந்தால் கூச்சப்படுகிறவர் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற இரண்டையும் கேட்டேன்: சிறுநீர் மலத்தை அடக்க முடிகிறது, ஒன்று. சாப்பாடு தன் கையால், ஒன்று. மற்ற நான்கும் சைபர். இன்றைய நிலையும் அதேதான்: என் எதிரிலேயே பெரியவர் தனப்பிரியா நீட்டிய டம்ளரை வாங்கித் தானே தண்ணீர் குடித்தார். இரண்டுக்கு இரண்டு. கழித்தால் சைபர்.

டாக்டர் சுகன்யா படிவத்தைப் பார்த்தார். "மாற்றமே இல்லையா?"

"இல்லீங்க டாக்டர். ரெண்டு வருசமா இப்படித்தானாம்."

"சரி. அப்ப வீட்டுக்குப் போகட்டும். திங்கட்கிழமை நரம்பு டாக்டர் ஓ.பி.ல காட்டச் சொல்லிடுங்க."

நான்கு நாள் தள்ளி. அப்போது எனக்கு அது நீண்ட நாளாகத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு வெளியே அனுப்பும் சீட்டு வந்துவிட்டது. குழந்தைவேல் மருந்து வாங்கிக்கொண்டு காரை எடுத்து வரப் போனார். ஆண் ஆள் வேறு யாரும் இல்லாததால் பெரியவரின் சட்டையை மாற்றிவிட நான் போனேன். கை நுழைத்து, பொத்தானைப் போட்டு முடித்தபோது, சட்டைப் பையில் இருந்த பட்டன் போன் மணி அடித்தது. மணி 2.05.

கண்ணை மூடியிருந்த மருதாசலம் அசைந்தார். சட்டைப் பை இடது மார்பில் இருக்கிறது. யாராக இருந்தாலும் வலது கைதான் அங்கே போகும். அவருடைய வலது கை கட்டிலிலேயே கிடந்தது. இடது கைதான் முழங்கையை மடக்கி, சிரமப்பட்டுத் தன் பக்கத்துப் பைக்குள்ளேயே விரலை நுழைக்கப் பார்த்தது. முடியவில்லை. நான் போனை எடுத்து அவர் காதில் வைத்தேன். ஒரு பெண்ணின் பதிவுக் குரல் எனக்கும் கேட்டது: "மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும்."

"மூணாவது வால்வு," என்றார் அவர், குழறலாக. "நாலாவத மூடோணும்."

அவ்வளவுதான் பேசினார். மறுபடியும் கண் மூடிவிட்டது.

"செல் ஸ்டார்ட்டரு," என்றார் மயிலம்மாள். "மோட்டருக்கு சிம்மு போட்டு வெச்சிருக்கறாங்க. கரண்டு வந்தா அதுவே கூப்புடும். இங்கிருந்தே அமுக்குனா அங்க ஓடும். அப்பன் கட்டல்ல படுத்துக்கிட்டே போடட்டும்னு எந்தம்பி வாங்கி வெச்சது."

எனக்குச் சமாதானமாக இருந்தது. படுத்தபடியே மோட்டார் போடுகிறவருக்குப் படிவத்தில் தனி மதிப்பெண் கிடையாது. போனைப் பையிலேயே வைத்துவிட்டு இரண்டடி நடந்தேன்.

ஆனால் வால்வை எப்படிப் படுத்துக்கொண்டு திருப்புவது? என் ஊர் பனமரத்துப்பட்டி. எங்களுக்குச் சொந்தத் தோட்டம் இல்லை என்றாலும், என் பெரியப்பா பிறர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர். மோட்டார் போடுவது ஒரு விரல் வேலை. ஒரு பாத்திக்குப் பாய்ந்ததும் வயலுக்குள் நடந்துபோய் ஒரு வால்வைத் திறந்து இன்னொன்றை மூட வேண்டும். கைத்தாங்கல் இல்லாமல் ஒரு எட்டு வைக்காதவர் மூன்றையும் நான்கையும் எதற்கு மனத்தில் வைத்திருக்கிறார்?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு மணிக்கு டம்ளரையும் அவர் இடது கையால்தான் வாங்கினார். மருமகள் நீட்டியதை இடது கையால் வாங்குகிற தலைமுறை இல்லை அவர்.

இருந்தும் நான் டாக்டரிடம் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால், கண்ணாடி அம்மாள்தான் நினைவுக்கு வந்தார். இடது கைப்பழக்கம் உள்ளவராக இருக்கலாம். வால்வு என்றது பத்து வருடத்துக்கு முந்தைய நினைவாக இருக்கலாம். கைவசம் இருந்தது ஒரு சந்தேகம் மட்டும். அதைச் சரிபார்க்க இன்னொருமுறை கேட்க வேண்டும். அதே கேள்வியைக் கேட்டால் அதே பதில்தான் வரும்.

"அம்மா," என்றேன் மயிலம்மாளிடம், "வாசல்ல கார் வந்திருச்சான்னு கொஞ்சம் பாத்துட்டு வர்றீங்களா? சக்கர நாற்காலிக்குச் சொல்லணும்."

"நானா?" என்று தனப்பிரியாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "செரி, இவளுக்கு எங்க வழி தெரியப்போகுது," என்று எழுந்து போனார்.

தனப்பிரியா கட்டில் விளிம்பில் உட்காரவில்லை. நின்றபடியேதான் இருந்தார். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இந்த முறை நான் கேட்கவில்லை. நாட்குறிப்பு எழுதும்போது என்னையே நான் எப்படிக் கேட்டுக்கொள்வேனோ அப்படிக் கேட்டேன்.

"அக்கா, போன மாசத்துல ஏதோ ஒரு நாள எடுத்துக்குங்க. ஆடிப் பதினெட்டு வந்துச்சே, அந்த வாரத்துல ஒரு நாள். காலையில ஐயா எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணாரு? மணி வாரியாச் சொல்லுங்க."

"எந்திரிச்சதுல இருந்துங்களா?"

"ஆமாங்க. எத்தன மணிக்கு எந்திரிப்பாரு?"

"நாலரைக்குங்க," என்றார். "எந்திரிச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டிப் பால் கறப்பாருங்க."

"அவரேவா?"

"அவர்தானுங்க. வேற ஆள் போனா மாடு உதைக்குமுங்க. கறந்து கேன்ல ஊத்தி, மொபட்டுல வெச்சு, சொசைட்டில ஊத்திட்டு வந்துருவாரு. ஆறரை ஆயிரும். வந்து தொட்டித் தண்ணில குளிச்சுட்டு, அவரு வேட்டிய அவரே அலசிக் காயப் போட்டுருவாருங்க. நாங் கேட்டாலும் குடுக்கமாட்டாரு. அப்பறம் சாப்புட்டுட்டுத் தோட்டத்துக்கு. குச்சிக்கெழங்குக்கு வால்வு திருப்பறதெல்லாம் மாமாதானுங்க…"

நான் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனேன். நாலரை, பால். ஐந்தரை, மொபட். ஆறரை, குளியல், வேட்டி. நான் எழுதுவதைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது.

"இதையெல்லாம் அண்ணிகிட்டச் சொல்லீறாதீங்க தம்பி. மாமனாரப் பால் கறக்க உட்டுட்டுத் தூங்கறாளாம்னு ஆட்டையாம்பட்டி முச்சூடும் பேச்சாயிரும். அதுக்குத்தான் எங்க வீட்டுக்காரங்க அப்படிச் சொன்னாங்க. பொய் சொல்லோணும்னு இல்லீங்க."

அப்போதுதான் என் கேள்வி எப்படி விழுந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. பெரியவரால் என்ன முடியும் என்று கேட்டதாக நான் நினைத்தேன். அவரை ஒழுங்காக வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதாக அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. அதுவும் நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது. எங்கள் பெரியப்பாவைப் பற்றி யாராவது கேட்டால் அவர் செய்யாத வேலையையும் சேர்த்துச் சொல்வோம். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றால் எங்கள் வீட்டில் அது அவமானம். இவர்கள் வீட்டில் பெரியவர் ஒரு சொம்புத் தண்ணீர் தூக்கினால் அவமானம். ஒரே படிவத்தை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி கேட்டிருக்கிறேன்.

"எப்பத்துல இருந்து முடியாமப் போச்சுங்க?"

"போன சனிக்கெழமை மொபட்டச் சாச்சுப் போட்டுட்டாருங்க. ஸ்டாண்டு போட முடியல. ஞாயித்துக்கெழமை கறக்கறப்பச் சொம்பு கைய உட்டு நழுவிருச்சு. அதுக்கப்பறம் ஒரே படுக்கைதான்."

"அதுக்கு முன்னாடி எங்காவது விழுந்தாரா? அடி கிடி பட்டுச்சா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். மயிலம்மாள் இன்னும் வரவில்லை.

"விழுகலீங்க. ஆடிப் பதினெட்டு முடிஞ்சு மக்யா நாளு, மோட்டர் ரூமுக் கதவு நெலைல தலைய நல்லா இடிச்சுக்கிட்டு வந்தாரு. காயமில்ல, வீங்கியிருந்துச்சு. மஞ்சத்தூளக் கொழச்சு அப்பி உட்டேன். பையங்கிட்டச் சொல்லாத கண்ணு, அப்பறம் தோட்டத்துப் பக்கமே போக உடமாட்டான்னாரு. ரெண்டு நாள்ல வத்திப்போச்சுங்க. அதுவுங் குத்தமுங்களா?"

"குத்தமில்லீங்க," என்றேன். "ரத்தம் இளக்கற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

"நெஞ்சுக்குன்னு தெனமும் ஒண்ணு போடறாருங்க."

மணி 2.20. மயிலம்மாள் வந்துகொண்டிருந்தார். பின்னால் சக்கர நாற்காலி.

கையெழுத்துப் போட்ட படிவத்தில் எண்ணைத் திருத்தக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, நேரம் எழுதி, புதுப் படிவம் எடுக்க வேண்டும். எடுத்தேன். இடது பத்தி ஆறு. வலது பத்தியில், டம்ளரை இடது கையால் வாங்கியதை யோசித்துவிட்டு, சாப்பாட்டுக்கு ஒன்று போட்டேன். அடக்கத்துக்கு ஒன்று. இரண்டு. கழித்தால் நான்கு. கழித்தலை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஆறில் இரண்டு போனால் நான்கு என்பதை மூன்று முறை சரிபார்த்தவன் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டர் சுகன்யா ஒன்றாம் கட்டிலில் ஒருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சுளா சிஸ்டர் பக்கத்தில் நின்றார்.

"டாக்டர், மூணாம் கட்டில் இடது பத்தி தப்பு. நான் கேட்ட விதம் தப்பு."

மஞ்சுளா சிஸ்டர், "மறுபடியும் கண்ணாடியா?" என்றார்.

பழைய படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, மணிவாரியாகப் படித்தேன். மொபட் வந்ததும் டாக்டரின் கை நின்றது. "மொபட் ஓட்டினாரா? எப்ப வரைக்கும்?"

"போன வெள்ளிக்கிழமை வரைக்கும். இருபத்து நாலு நாளுக்கு முன்னாடி தலை இடிச்சிருக்கு. நெஞ்சுக்கு மாத்திரை போடறார். வலது கையக் கம்மியா உபயோகிக்கிறார்னு தோணுது. இது மட்டும் என் சந்தேகம்தான்."

"கார் வந்திருச்சா?"

"வந்திருச்சுங்க."

"நிக்கச் சொல்லுங்க."

தையலை முடித்துக்கொண்டு அவரே வந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்த்தியிருந்த மருதாசலத்தை உரக்கக் கூப்பிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். இரண்டு கையும் உயர்ந்தன. நான் மனத்துக்குள் எண்ணினேன். நான்கு எண்ணுவதற்குள் வலது உள்ளங்கை மெல்ல உள்பக்கம் திரும்பி, கை கீழே இறங்க ஆரம்பித்தது. இடது கை அப்படியே நின்றது.

"ஸ்கேன்," என்றார் டாக்டர். "இப்பவே."

அதற்குள் குழந்தைவேல் உள்ளே வந்துவிட்டார். "என்னங்க இது? போலாம்னு சீட்டுக் குடுத்துட்டு இப்ப ஸ்கேனுங்கறீங்க? அரை மணி நேரத்துல என்ன மாறிப்போச்சு?"

கேட்டது நியாயம். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "நான் தப்பா எழுதிட்டேங்க. ஐயா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாருங்கறத நான் சரியாக் கேக்கல."

மொபட்டையும் பாலையும் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். தனப்பிரியா கட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டது செரிதானுங்க," என்றார் குழந்தைவேல், குரலை இறக்கி. "நாந்தான் செரியாச் சொல்லல. டாக்டரம்மா, அப்பா தெனமும் பால் கறக்கறாருங்க. சொசைட்டிக்குப் போறாரு. எல்லாம் அவரேதான். நாங்க ஊத்தி உடறதெல்லாம் இல்ல."

சொல்லிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பாமலே நின்றார்.

மயிலம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "அதென்னமோ பெரிய ரகசியமாட்டச் சொல்றான். எனக்குத் தெரியாதா? எங்கலியாணத்தன்னிக்கே முகூர்த்தம் முடிஞ்சதும் கறவைக்குப் போன மனுசன். சும்மா உக்காருன்னா உக்காந்துருவாரா? பால் கறக்கறாருன்னு சொல்லியிருந்தா நான் என்ன கோர்ட்டுக்கா போயிருப்பேன்?" என்றவர் தனப்பிரியாவிடம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்லீட்டேனுங்க அண்ணி," என்றார் தனப்பிரியா.

"யாருகிட்ட?"

தனப்பிரியா என்னைக் காட்டினார். மயிலம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குத்தான் காரப் பாக்க என்னைய முடுக்கி உட்டயா சாமி?"

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய.

மூன்று மணிக்கு ஸ்கேன் படம் வந்தது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இடது பக்கத்தில் பிறை வடிவில் பழைய ரத்தம். இடித்த அன்றே மெல்லக் கசிய ஆரம்பித்து, நாள்கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்தியிருக்கிறது என்று டாக்டர் குழந்தைவேலுக்குப் படத்தைக் காட்டி விளக்கினார். இடது பக்க மூளை வலது கையை ஆட்டுவிப்பது. அதனால்தான் சொம்பு நழுவியது, மொபட் சாய்ந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் திங்கட்கிழமை வரை தாங்கியிருப்பாரா என்று குழந்தைவேல் கேட்டார். "தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம்," என்றார் டாக்டர். அன்று மாலை ஆறு மணிக்கு அறுவைச் சிகிச்சை. மண்டையோட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள்.

நான் வகுப்புக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனேன். வகுப்பில் என்ன நடந்தது என்பது என் குறிப்பில் இல்லை. அந்தப் பக்கத்தில் 12.25 என்ற எண்ணைத்தான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அந்த இரண்டுக்கு இரண்டு என் கையெழுத்தோடு சும்மா இருந்திருக்கிறது. கரண்டு அன்று மூன்று மணிக்கு வந்திருந்தால் என்ற எண்ணம் அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த நாளும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், மூன்றாவது முறையாகப் படிவம் நிரப்பி வரச் சொன்னார் டாக்டர் சுகன்யா. வார்டுக்குப் போனேன். மருதாசலம் தலையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணை முழுதாகத் திறந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தனப்பிரியா மட்டும் உடன் இருந்தார்.

"வா சாமி. நீதான் கேள்வி கேக்கற பையனா? மண்டைல போர் போட்டுட்டாங்க பாத்தயா. எத்தன அடில தண்ணி வந்துச்சுன்னு கேட்டேன், அந்த டாக்டரு சிரிக்கறாரு, பதிலச் சொல்லமாட்டீங்கறாரு."

"ஐயா, நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணீங்க? வரிசையாச் சொல்லுங்க."

"ஆசுபத்திரில என்ன பண்றது? நாலரைக்கு முழிப்பு வந்துருச்சு. இங்க என்ன மாடா இருக்குது? சும்மா கெடந்தேன். ஆறு மணிக்குப் பாத்ரூம் போனேன், செவுத்தப் புடிச்சுக்கிட்டு. வேட்டி நானேதான் கட்டுனேன். இட்டிலி நானேதான் தின்னேன். குளிக்க…" அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். "குளிக்கறதெல்லாம் இந்தப் புள்ளைதான் ஊத்தி உடுது. ஒரு கொறையும் வெக்கறதில்ல."

நான் பேனாவை நிறுத்தினேன். தனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, இங்க அண்ணி இல்லீங்க. உங்க பையனே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உள்ளதச் சொல்லுங்க."

"உள்ளதுதான் சொல்றேன். தலைல தண்ணி படக்கூடாதுன்னு துணி நனைச்சுத் தொடைச்சு உட்டது யாரு? நீதான்?"

"அது நாந்தானுங்க," என்றார் தனப்பிரியா என்னிடம். "அது நெசம்."

குளியலுக்குச் சைபர். மற்ற ஐந்துக்கும் ஒவ்வொன்று. ஐந்து. கையெழுத்துப் போடும் முன் மேலிருந்து கீழே ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போன் மணி அடித்தது. அந்த வாரம் கரண்டு வரும் நேரம் மாறியிருந்தது. மணி பதினொன்று பத்து.

மருதாசலத்தின் வலது கை சட்டைப் பைக்குப் போய், போனை எடுத்துக் காதில் வைத்தது. பதிவுக் குரல் முடியும் வரை கேட்டார். பிறகு கட்டை விரலால் அழுத்தி அணைத்தார்.

"போடலீங்களா?" என்று கேட்டேன்.

"நேத்து அந்திக்கு அடிச்ச மழைக்கு இன்னிக்கு எதுக்குத் தண்ணி? கெழங்கு அழுகிப்போகும்," என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

முந்தைய நாள் மாலை சேலத்தில் தூறல்தான். அவர் ஊர்ப் பக்கம் நல்ல மழை என்பதைத் தனப்பிரியாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். போன் எடுப்பதற்கும் மழைக்கும் படிவத்தில் இடம் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பி, 'வலது கை, 11.10' என்று மட்டும் எழுதிவிட்டு, முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.